இசைக்குழுவும் ஒலிப்பதிவுக் கருவியும்

தன் பாடல்களைப் பதிவுசெய்ய முனையும் இசைக்குழுவின் முன் முதலில் எழும் வினா, எக்கருவியைத் தெரிவு செய்வது என்பதாகும். எத்தனை ஒலிவாங்கிகளை இணைக்கலாம், எத்தனை தடங்களில் பதியலாம் என்னும் எண்ணிக்கையைக் கொண்டே கருவியின் தகுதியை அளப்பது பலரது வழக்கம். இவ்வளவுகோல் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை அறிய, ஒலிப்பதிவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நலம்.

தொடக்க காலத்தில் குழுவினர் அனைவரும் ஒருங்கே கூடி இசைக்க, அவ்விசை அப்படியே பதிவாகியது. ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. காந்த ஒலிநாடா வந்த பின்னர், நாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பகுத்து, ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே வெவ்வேறு வேளைகளில் பதியும் முறை வளர்ந்தது. அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் லெஸ் பால், ஆம்பெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எட்டுத்தடக் கருவியை 1957ஆம் ஆண்டில் பெற்றுத் தம் இல்லத்திலேயே நிறுவினார்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினருக்கோ அத்தகைய வசதி நெடுங்காலம் வாய்க்கவில்லை. இலண்டன் ஆபி சாலையிலிருந்த இ.எம்.ஐ. பதிவுக்கூடத்தில், 1963 பிப்ரவரி 11ஆம் நாள், தம் முதல் இசைத்தட்டுக்கான பத்துப் பாடல்களை இரண்டே தடங்களில் அவர்கள் ஒரே நாளில் பதிந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் நான்குதடக் கருவி அவர்கள் பயன்பாட்டிற்கு வந்தது. நான்கு தடங்களும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து மற்றொரு கருவியின் ஓரிரு தடங்களில் ஒடுக்கி, எஞ்சிய தடங்களில் பதிவைத் தொடர்ந்தனர். இவ்வாறு படியெடுக்குந்தோறும் நாடாவின் இரைச்சல் மிகும். ஒருமுறை கலந்த ஒலிகளைப் பின்னர்ப் பிரிக்கவும் இயலாது. ஆகவே முரசு எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், கிட்டார் எவ்வளவு அடங்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் சார்ச் மார்ட்டினும் பொறியாளரும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'சார்சன்ட் பெப்பர்' இசைத்தட்டு இத்தகைய நெருக்கடிக்குள் உருவானதேயாகும். அதன் இறுதிப் பாடலுக்குப் பல்லியக் குழுவின் இசை தேவைப்பட்டபோது, பொறியாளர் கென் டவுன்சென்ட் இரு நான்குதடக் கருவிகளை இணைத்து ஒருங்கே இயக்கினார்.

1969ஆம் ஆண்டில் 'ஆபி ரோடு' இசைத்தட்டைப் பதிந்தபோது, எட்டுத் தடங்களும் புதிய ஒலிக்கலப்புப் பலகையும் அவர்களுக்குக் கிட்டின. பழைய பலகை வெற்றிடக் குழாய்களால் இயங்கியது. புதியதோ டிரான்சிஸ்டரால் இயங்கியது. அம்மாற்றத்தால் ஒலியின் இயல்பே மென்மையுற்றது. கலப்புப் பலகை ஒலியைக் கடத்துவதோடு நில்லாது, அதற்குத் தன் சாயலையும் ஏற்றுகிறது என்பது இதனால் விளங்கும்.

1979ஆம் ஆண்டில் டாஸ்காம் நிறுவனத்தின் 'போர்ட்டாஸ்டூடியோ' வெளிவந்தது. கலப்புப் பலகையும் நான்குதடப் பதிவியும் ஒரு பெட்டிக்குள் அடங்கின. எளிய கேசட்டே அதற்குப் போதுமாயிற்று. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், தம் குழுவினருக்குக் காட்டும் மாதிரிக்காக, 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்கருவியில் வீட்டிலேயே தனித்துப் பாடிப் பதிந்தார். பின்னர்க் குழுவினருடன் சிறந்த பதிவுக்கூடத்தில் அப்பாடல்களை மீண்டும் இசைத்தும், மாதிரியில் இருந்த உயிர்ப்பு அதில் அமையவில்லை. எனவே அக்கேசட்டுப் பதிவே 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாயிற்று. எனினும் கேசட்டின் குறைந்த ஒலியளவை இசைத்தட்டுக்கு மாற்றப் பொறியாளர்கள் பெரிதும் இடர்ப்பட்டனர். எளிய கருவிக்கும் அதற்குரிய விலை உண்டு.

இன்று கணினியொன்றே நூற்றுக்கணக்கான தடங்களை வழங்குகிறது. அதனால் தெரிவின் சுமை குறைந்துவிடவில்லை. ஒருங்கே இசைப்போர் எத்தனை பேர், அவர்களுக்குத் தேவையான ஒலிவாங்கிகள் எத்தனை, அவற்றை ஏற்கும் வாயில்கள் கருவியில் உள்ளனவா, இசைக்கும் அறை அமைதியானதா என்பவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். தடங்களின் எண்ணிக்கை அதன் பின்னரே எண்ணத்தக்கது. எந்த ஒலி முன்னிற்க வேண்டும், எது பின்வாங்க வேண்டும் என்னும் முடிவை எக்கருவியும் எடுத்துத் தருவதில்லை. அது செவியின் பொறுப்பாகும். அதைப் பயிற்றிக்கொண்ட குழுவினர்க்கு நான்கு தடங்களும் போதும். பயிற்றாதவர்க்கு நூறு தடங்களும் உதவா.