மிதிவண்டி அதிர்வுதாங்கிக் கவை மறுபூச்சு

மிதிவண்டி அதிர்வுதாங்கிக் கவை மறுபூச்சு என்பது மலை மிதிவண்டிகளின் முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய கவையைக் கழற்றி, துருவை நீக்கி, மீண்டும் வண்ணம் பூசிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பணியாகும். பேச்சு வழக்கில் இவ்வுறுப்பு ஃபோர்க் எனப்படுகிறது. தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இப்பணி தோற்றத்துக்காக மட்டுமன்றி, ஓட்டுநரின் பாதுகாப்புக்காகவும் தேவைப்படுகிறது.

வரலாறு

மலை மிதிவண்டி ஓட்டம் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உருவானது. 1989ஆம் ஆண்டில் ராக்சாக்சு நிறுவனம் ஆர்எசு-1 என்னும் அதிர்வுதாங்கிக் கவையை வெளியிட்டது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்சு நிறுவனம் சென்னை அம்பத்தூரில் மிதிவண்டிகளை உற்பத்தி செய்தது. பிற்காலத்தில் இந்தியச் சந்தையில் பரவிய விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் எஃகுச் சுருள்வில் கொண்ட எளிய கவைகளே பொருத்தப்பட்டன.

அமைப்பு

கவையின் மேற்பகுதியில் உள்ள திருப்புத்தண்டு வண்டிச் சட்டத்தின் தலைக்குழாய்க்குள் செல்கிறது. அதன் அடியிலுள்ள குறுக்குத் தாங்கியில் இரு உட்குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். இவை கீழ்க்கால்கள் எனப்படும் வெளிக்குழாய்களுக்குள் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். சுருள்வில், மீள்மக் கட்டை அல்லது அழுத்தப்பட்ட காற்று அதிர்வை ஏற்கிறது. எளிய கவைகளில் கீழ்க்கால்கள் எஃகாலும், உயர்தரக் கவைகளில் மக்னீசியக் கலப்புலோகத்தாலும் செய்யப்படுகின்றன. 1990களின் கவைகளில் உள்ள மீள்மக் கட்டைகள் காலப்போக்கில் இறுகியோ பிசுபிசுத்தோ பயனற்றுப் போவதுண்டு.

கடற்கரையில் அரிமானம்

வேம்பார், தருவைகுளம், முத்தையாபுரம், ஆறுமுகநேரி ஆகிய இடங்களில் உப்பளங்கள் பரந்துள்ளன. கடற்காற்றிலுள்ள உப்புத்துகள்கள் உலோகத்தின் மீது படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. எனவே மழை பெய்யாவிடினும் உலோகத்தின் மேல் உப்புநீர்ப் படலம் உருவாகும். இதிலுள்ள குளோரைடு அயனிகள் குரோமியப் பூச்சின் நுண்வெடிப்புகள் வழியாக உட்புகுந்து எஃகில் குழிகளை ஏற்படுத்துகின்றன.

மக்னீசியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −2.37 வோல்ட்டு, இரும்பின் அழுத்தம் −0.44 வோல்ட்டு. ஆதலால் எஃகுத் திருகாணி தொடும் இடத்தில் பூச்சு உரிந்திருந்தால், உப்புநீரில் மக்னீசியமே முதலில் அரிக்கப்படும்.

1953ஆம் ஆண்டு காரைக்குடியில் திறக்கப்பட்ட நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம், தூத்துக்குடி ஆகிய கடற்கரை மையங்களில் கடல்சார் அரிமானத்தை ஆராய்ந்து வந்துள்ளது.

செய்முறை

1. கவை நன்னீரில் கழுவி உலர்த்தப்படுகிறது. காற்றுவகைக் கவையாயின் பிரிப்பதற்கு முன் அழுத்தம் முழுவதும் வெளியேற்றப்பட வேண்டும்.

2. அடித்திருகாணிகளைத் தளர்த்திக் கீழ்க்கால்கள் உருவப்படுகின்றன. தூசித் தடுப்பு வளையங்களும் பஞ்சு வளையங்களும் நீக்கப்படுகின்றன.

3. பழைய பூச்சும் துருவும் 120, 240, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்க்கப்படுகின்றன. எஃகுக்குத் துருமாற்றிக் கரைசல் பயன்படும். மக்னீசியத்தின் மீது எலுமிச்சைச் சாறு, வினிகர் முதலிய அமிலங்களைப் பயன்படுத்தக் கூடாது. அவை உலோகத்தைக் கரைத்து ஐதரசன் வளியை வெளியிடும்.

4. எண்ணெய்ப் பசை ஆல்ககால் கொண்டு துடைக்கப்படுகிறது. எஃகுக்கு ரெட் ஆக்சைடு பிரைமரும், இலேசான உலோகங்களுக்கு அவற்றுக்கென உள்ள எப்பாக்சி பிரைமரும் பூசப்படுகின்றன.

5. வண்ணமும் அதன்மேல் தெளிபூச்சும் பல மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்கப்படுகின்றன. ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மிகும்போது பூசுதல் தவிர்க்கப்படுகிறது. உலோகத்தின் வெப்பநிலை பனிநிலையை விடக் குறைந்தது 3 பாகை செல்சியசு கூடுதலாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான காலம் இதற்கு ஏற்றதன்று.

6. புதிய வளையங்களும் எண்ணெயும் இட்டுக் கவை மீண்டும் பூட்டப்படுகிறது.

உட்குழாய்கள், உள்வழுக்கு வளையங்கள், தடைக்கருவி பொருந்தும் முகங்கள், சக்கர அச்சு அமரும் பிளவுகள் ஆகியவற்றில் வண்ணம் படக்கூடாது. அச்சு அமரும் இடத்தில் தடித்த பூச்சு இருந்தால், அது நசுங்கும்போது அச்சின் பிடி தளர்ந்து சக்கரம் கழன்றுவிடக்கூடும்.

பாதுகாப்பும் வரம்பும்

மக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும். அத்தீயை நீரால் அணைக்க முயன்றால் அது மேலும் பெருகும். உலர்மணல் கொண்டு மூடவேண்டும். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்காக வரம்பிடும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தேய்க்கும்போது முகமூடி இன்றியமையாதது.

வண்ணப்பூச்சு கவைக்கு வலிமை சேர்ப்பதில்லை. மாறாக வெடிப்புகளை மறைத்துவிடும். ஓடும்போது திருப்புத்தண்டு முறிந்தால் ஓட்டுநர் தலைகுப்புற வீசப்படுவார். எனவே பழைய பூச்சை நீக்கியபின், முதற்பூச்சுக்கு முன்பே, திருப்புத்தண்டின் அடிப்பகுதியும் குறுக்குத் தாங்கியும் உருப்பெருக்கியால் ஆராயப்பட வேண்டும். திருப்புத்தண்டின் உட்புறத்தைப் பலரும் பார்ப்பதில்லை. கடற்கரை ஊர்களில் துரு பெரும்பாலும் அங்கேயே மறைந்து வளர்கிறது. வெடிப்பு, வளைவு, ஆழ்ந்த குழி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் கவையை மாற்றுவதே முறையாகும். உட்குழாயிலுள்ள சிறு குழிகளை மட்டும் எப்பாக்சி கொண்டு நிரப்பி, 2000 எண் உப்புத்தாளால் சமன் செய்யலாம்.

பராமரிப்பு

மறுபூச்சு செய்த கவையை வாரம் ஒருமுறை நன்னீர்த் துணியால் துடைப்பதும், உரிந்த இடங்களை உடனே பூசி மூடுவதும், திருப்புத்தண்டின் உட்புறத்தில் மசகுப் படலம் இடுவதும் அதன் ஆயுளை நீட்டிக்கும்.