புள்ளியிலிருந்து பரப்பிற்கு: தென்சென்னைப் புறநகரில் கோடை இடிமழையைக் கண்காணித்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் மழை வரலாறு நெடுங்காலம் நுங்கம்பாக்கத்து மழைமானியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சில கிலோமீட்டர் அகலமே உடைய கோடை இடிமேகத்தை ஒற்றை மழைமானி முழுமையாகப் பதிவு செய்ய இயலாது. தாம்பரம் உள்ளிட்ட தென்புறநகர்ப் பகுதிகளின் இடிமழை, ராடார் வரவுக்குப் பின்னரும் வானிலை ஆர்வலர்களின் கூர்நோக்குக்குப் பின்னருமே பரப்பளவில் அறியப்படலாயிற்று. இம்மாற்றத்தின் படிநிலைகளையும், ஆர்வலர் பதிவுகளுக்குரிய சான்று மதிப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கோடை இடிமழை, தாம்பரம், நுங்கம்பாக்கம் வானாய்வகம், மழைமானி, டாப்ளர் ராடார், வானிலை ஆர்வலர்

முன்னுரை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டின்படி மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்கள் பருவமழைக்கு முந்தைய கோடைக்காலமாகும். எனினும் சென்னை மக்களின் வழக்கில் கோடை மே மாத இறுதியோடு முடிந்துவிடுவதில்லை. கத்திரி வெயில் கழிந்த பின்னரும் ஜூன், ஜூலை மாதங்களில் வெப்பம் நீடிக்கிறது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகிய 45 பாகை செல்சியசு, 2003ஆம் ஆண்டு மே 31 அன்று, கத்திரி கழிந்த நிலையில் பதிவானதாகும். மாலையிலும் இரவிலும் இடியுடன் வரும் மழை நகருக்கு மிகுதியாகக் கிடைப்பதும் இக்காலத்திலேயே. எனவே இக்கட்டுரை 'கோடை இடிமழை' என்பதை மக்கள் வழக்கின் விரிந்த பொருளில் கையாள்கிறது.

சென்னையின் ஆண்டு மழையளவு சுமார் 1400 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. ஆதலின் புயல், வெள்ளம் ஆகியவை பெற்ற ஆய்வுக் கவனத்தைக் கோடை இடிமழை பெறவில்லை. ஏரிகள் வற்றும் மாதங்களில் நிலத்தடி நீருக்குச் சிறிதேனும் ஊட்டம் தருவதும், மின்னலாலும் சூறைக்காற்றாலும் உயிர்ச்சேதம் விளைவிப்பதும் இம்மழையே என்பதால் அதன் வரலாறு தனியே ஆராயத்தக்கது.

நுங்கம்பாக்கம்: ஒற்றைப் புள்ளியின் ஆட்சி

கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலரான வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வகத்தின் தொடர்ச்சியாக, 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் நிறுவப்பட்டது. அரசு நிறுவனம் உருப்பெறுவதற்கு முன்பே தனிமனித ஆர்வம் இத்துறையில் அடியெடுத்து வைத்துவிட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. விண்மீன் நோக்குதலும் கப்பற்பயணத்திற்குரிய நேரக்கணிப்பும் இதன் முதன்மைப் பணிகள். வானிலைக் குறிப்புகள் துணைப்பணியாகவே எடுக்கப்பட்டன. எனினும் காலப்போக்கில் நிலைபெற்றது அத்துணைப்பணியே. சென்னையின் மழையளவுப் பதிவுகள் 1813 முதல் கிடைக்கின்றன. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. 1899இல் வானியல் ஆய்வு கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. மழைமானி நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இத்தொடர்ப்பதிவு ஆசியாவின் அரிய அறிவியல் செல்வங்களுள் ஒன்று. ஆயினும் 'சென்னையில் இன்று மழை இல்லை' என்னும் கூற்றுக்கு 'நுங்கம்பாக்கத்து மானியில் நீர் இல்லை' என்பதே பொருளாக இருந்தது. விமான நிலையத்தை ஒட்டி மீனம்பாக்கத்தில் இரண்டாவது நிலையம் அமைந்த பின்னரும் நகரின் மழை இரு புள்ளிகளாலேயே குறிக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாம்பரம், 1931இல் மின்தொடர்வண்டியாலும் 1937இல் அங்குக் குடியேறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியாலும் நகரோடு நெருங்கியது. பொதுமக்கள் பேச்சில் அதன் மழை மட்டும் நுங்கம்பாக்கத்து அளவாலேயே நெடுங்காலம் மதிப்பிடப்பட்டது.

இடிமேகத்தின் இயல்பும் அளவீட்டுச் சிக்கலும்

பருவப்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தது. கோடை இடிமேகத்தின் ஒரு திரளோ பத்துக் கிலோமீட்டர் அளவினது; பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் தோன்றி முதிர்ந்து அழிவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு வரும் இடிமேகங்கள் பெரும்பாலும் உள்நிலத்தில் பிறக்கின்றன. பகல் வெப்பத்தால் எழும் காற்றும், கிழக்கிலிருந்து உட்புகும் கடற்காற்றும், மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றும் சந்திக்கும் கோட்டில், திருப்பதி, சித்தூர், வேலூர், காஞ்சிபுரம் பகுதிகளில் அவை பிற்பகலில் உருவாகின்றன. நடுவளிமண்டலத்து மேலைக்காற்று அவற்றைக் கடற்கரை நோக்கி நகர்த்துகிறது. வேலூரில் மாலையில் இடித்தது சென்னையில் இரவில் பெய்வதற்குக் காரணம் இதுவே.

கடற்காற்று முன்னதாகவே புகுந்து தாழ்வளியைக் குளிர்வித்திருந்தால், கரையை நெருங்கும் மேகம் தளர்வதுண்டு. அந்நாட்களில் மேற்குப் புறநகர் நனைய, கடற்கரை வறண்டிருக்கும். மாறாக, மேகத்திலிருந்து வெளிப்பாயும் குளிர்காற்று கடற்காற்றின் முகப்போடு மோதினால் புதிய மேகங்கள் கரையருகிலேயே எழும். கடலிலிருந்து 12 முதல் 15 கிலோமீட்டர் உள்ளே அமைந்த தாம்பரம், இவ்விரு நிகழ்வுகளும் மாறிமாறி நிகழும் எல்லையில் உள்ளது. ஒரே மாலையில் படப்பையில் பெருமழையும் மேடவாக்கத்தில் தூறலும் பெய்யக்கூடிய நிலவியல் சூழல் இது.

அதிகாரப்பூர்வ முன்னறிவிப்பின் மொழியும் இச்சிக்கலை வெளிப்படுத்துகிறது. 'ஓரிரு இடங்களில்' என்னும் தொடர், ஒரு வட்டாரத்து நிலையங்களுள் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்படாதவை மழை பெறும் என்னும் வரையறைக்குரியது. அத்தொடர் பொய்ப்பதில்லை. ஆனால் அந்த ஓரிரு இடங்கள் எவை என்னும் வினாவிற்கு அதில் விடையில்லை. வானிலை ஆர்வலரின் முயற்சி தொடங்குவது இவ்வினாவிலிருந்தே.

ராடாரும் ஆர்வலரும்

1983இல் விண்ணில் செலுத்தப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேகக்கூட்டங்களை மேலிருந்து காட்டியது. தனி இடிமேகத்தின் உட்கூற்றை அறிய ராடாரே தேவைப்பட்டது. சென்னைத் துறைமுக வளாகத்தில் முன்னர் இயங்கிய புயல் கண்டறியும் ராடாருக்கு மாற்றாக, 2002இல் டாப்ளர் ராடார் அங்குச் செயற்பாட்டிற்கு வந்தது. புயலைக் காணும் பொருட்டு நிறுவப்பட்ட இக்கருவி கோடைமேகங்களையும் சில நிமிட இடைவெளியில் பதிவு செய்தது. அப்படங்கள் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தமை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். பின்னர்ப் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் அமைந்த எக்ஸ் அலைவரிசை ராடார், தென்புறநகரை மேலும் அண்மையிலிருந்து நோக்கியது.

படங்களைத் தொடர்ந்து நோக்கிய ஆர்வலர்கள் ஒரு முறையியலை உருவாக்கிக்கொண்டனர். மீனம்பாக்கத்திலிருந்து நாளுக்கு இருமுறை பறக்கவிடப்படும் பலூன் தரும் மேற்காற்றின் திசையை முதலில் நோக்குவர். அடுத்துக் கடற்காற்று புகுந்த நேரத்தைக் குறிப்பர். பிற்பகலில் மேற்கே எழும் மேகத்தின் வேகத்தை அடுத்தடுத்த ராடார் படங்களால் கணிப்பர். மறுநாள் காலை 8.30 மணிக்கு, அரசு நிலையங்களின் நேரத்திலேயே, தம் மாடியில் வைத்த மழைமானியை அளப்பர். 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் பிரதீப் ஜான் முதலியோரால் இம்முறை பொதுமக்களிடம் பரவியது. துறை மொழியில் ஓரிரு இடங்களாக இருந்தவை ஊர்ப்பெயர்களாக மாறின.

பரப்பளவில் நோக்க வேண்டியதன் தேவையை இரு நிகழ்வுகள் நிறுவுகின்றன. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கம் 29 சென்டிமீட்டரும், மீனம்பாக்கம் 35 சென்டிமீட்டரும், தாம்பரம் 49 சென்டிமீட்டரும் மழை பெற்றன. இது வடகிழக்குப் பருவத்து நிகழ்வு. பரந்த மழையமைப்பிலேயே இத்துணை வேறுபாடு உண்டெனில், தனித்திரளான இடிமழையில் அது இன்னும் மிகும். 2023 ஜூன் 19 காலையில் மீனம்பாக்கத்து மானி ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் காட்டியபோது நுங்கம்பாக்கத்து அளவு அதனினும் குறைவாக இருந்தது.

ஆர்வலர் பதிவின் சான்று மதிப்பு

தொழில்முறை சாராதோர் வானிலை அறிவியலுக்கு வளம் சேர்த்தமை புதிதன்று. மேகங்களுக்கு இன்றும் வழங்கும் வகைப்பெயர்களை வகுத்த லூக் ஓவர்டு, இலண்டனில் மருந்து வணிகம் செய்தவர். இங்கிலாந்தில் ஜி. ஜே. சைமன்சு 1860 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு மழையளவைத் திரட்டி ஆண்டுதோறும் நூலாக வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் மழைமானியே இந்திய நிலையங்களிலும் நெடுங்காலம் பயன்பட்டது. சைமன்சின் வெற்றி எண்ணிக்கையால் மட்டும் விளைந்ததன்று. கருவியின் அளவு, தரையிலிருந்து உயரம், அளக்கும் நேரம் ஆகியவற்றை ஒருமுகப்படுத்தியமையும், பதிவுகளை அச்சில் நிலைபெறச் செய்தமையும் அதற்கு அடிப்படை.

இவ்வளவுகோலால் நோக்குங்கால் தென்சென்னை ஆர்வலர் பதிவுகளின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன. இடச்செறிவு அவற்றின் வலிமை. மாடிச்சுவரின் மறைப்பு, கருவி வேறுபாடு, வீடு மாறுவதால் நேரும் இடைவெளி ஆகியன குறைகள். இவற்றினும் பெரியது நிலையாமை. இப்பதிவுகள் பெரும்பாலும் சமூக ஊடகக் குறிப்புகளாகவே உள்ளன. தளம் மறைந்தால் தரவும் மறையும். 1813ஆம் ஆண்டின் மழையளவு தாளில் எழுதப்பட்டதால் இன்றும் கிடைக்கிறது. நேற்றைய மாலையில் சேலையூரில் பெய்த மழையின் அளவு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, நுங்கம்பாக்கத்துத் தொடர்ப்பதிவு காலத்தால் நீண்டது, இடத்தால் குறுகியது. கோடை இடிமழையைப் பொறுத்தவரை அதனை நகர் முழுமைக்குமான சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டாவதாக, ராடார் படங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டமையே தென்புறநகரில் கூர்நோக்கு மரபு வளர்வதற்குக் காரணமாயிற்று. மூன்றாவதாக, ஆர்வலர் பதிவு அரசுப் பதிவிற்கு மாற்றன்று. அதன் இடைவெளிகளை நிரப்பும் துணைச்சான்று. உள்ளூர்க் கல்லூரிகளின் புவியியல், வரலாற்றுத் துறைகள் இப்பதிவுகளைக் கருவி விவரத்துடனும் இடக்குறிப்புடனும் திரட்டி ஆவணப்படுத்தினால், 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்தின் வடிகால் திட்டமிடலுக்கும் மின்னல் எச்சரிக்கைக்கும் அவை பயன்படும். ஏரிகள் வீட்டுமனைகளான நிலப்பரப்பில், எந்தத் தெருவில் எவ்வளவு பெய்தது என்பது குடியிருப்போரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் வினாவாகும்.