எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு அடுக்கு டிரெய்லர் லாரிகள் புத்தம்புதுக் கார்களைச் சுமந்துகொண்டு துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். இரவு பகல் ஓய்வே கிடையாது. நான் அந்தப் பக்கத்துக்காரன். 1950-ல் பிறந்தவன். என் காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளை வரிசையாகச் சொன்னாலே எங்கள் வட்டாரத்துச் சரித்திரம் வந்துவிடும். வண்டி வாங்க நினைக்கிற விவசாயிக்கு ஒரு கணக்கும் அதற்குள் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதல் வண்டி அப்பாவுடைய கட்டை வண்டி. மரச்சக்கரம், மேலே இரும்புப் பட்டை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து அச்சுக்கு மை போடுவார்கள். கடையாணி கழன்றதா என்று இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிக்குப் பேர்போனது என்று உங்களுக்குத் தெரியும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்தின் நெல்லும் அந்த வண்டியில்தான் வாலாஜாபாத்துக்குப் போயிற்று. படப்பை, மணிமங்கலத்துக் காய்கறிக்காரர்கள் சாயங்காலம் வண்டி கட்டினால் விடியற்காலம் பட்டணத்தில் கொத்தவால் சாவடியில் இறக்குவார்கள். வண்டிக்காரர் தூங்கிப் போனாலும் மாட்டுக்கு வழி தெரியும். இந்தச் சௌகரியம் பிற்பாடு வந்த எந்த வண்டியிலும் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டும்!

அப்புறம் ரப்பர் டயர் போட்ட வண்டி வந்தது. அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுத்தது, ரோடும் கெடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கட்டை வண்டிக்குத் தீனி நம் வைக்கோல், அது போட்ட சாணம் நம் எருக்குழிக்கு. வண்டிச் செலவு வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் தீனி காசு கொடுத்து வாங்கினது. எருக்குழி சிறுத்த கதை எங்கள் வீட்டில் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது சைக்கிள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கின பிறகு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் இங்கேயே தயாராக ஆரம்பித்தன. அதுவரைக்கும் பெரும்பாலும் கப்பலில் வந்த சீமைச் சைக்கிள்தான். எனக்கு 1968-ல் ஒரு ஹெர்குலிஸ் கிடைத்தது. பஞ்சாயத்துக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். பின்னால் ஒரு மூட்டை நெல்லை வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டே மில்லுக்குப் போவோம். ஏறி மிதித்ததைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம்.

மோட்டார் சைக்கிள் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் புல்லட்தான். 350 சி.சி. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்துகொள்வோம். அதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியிடமிருந்து நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக வண்டி வாங்கியது. பிறகு 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் உதிரி பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். பிற்பாடு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் செய்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடிக்கொண்டது. தாய்வீடு போன பிறகும் திருவொற்றியூரில் அடுப்பு அணையவில்லை. இன்றைக்கு இங்கே செய்த வண்டியை இங்கிலாந்துக்காரரே வாங்கி ஓட்டுகிறார்.

எனக்குப் புல்லட் வாங்க வசதி இல்லை. 1976-ல் பழைய ராஜ்தூத் ஒன்று வாங்கினேன். 175 சி.சி., போலந்து நாட்டு மாதிரியை வைத்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி வடக்கே செய்தது. பால்காரர் வண்டி என்று கேலி பேசுவார்கள், பேசட்டும். இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வரப்பு மாதிரி ரோட்டில் போகிற வண்டி அது. பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். சைலன்சரில் கரி அடைத்துக்கொள்ளும். கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டினால் கரி உதிரும், வண்டிக்கு மூச்சு வரும். இந்த வைத்தியம் எல்லாம் நாமே செய்துகொண்டோம். மைசூரில் 1961 முதல் வந்த ஜாவா, 1973-க்குப் பிறகு எஸ்டி என்று பேர் மாறியது. அதில் உதைக்கிற கம்பியே கியர் கம்பி. எங்கள் மச்சான் வைத்திருந்தார். சத்தம் கேட்க இனிமைதான், பெட்ரோல் குடிப்பதில் கொஞ்சமும் தயவு கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்தக் காலத்தில் கையில் பணம் இருந்தாலும் வண்டி கிடைக்காது. எந்தக் கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு சர்க்கார் லைசென்ஸ் உண்டு. அதைத் தாண்டிச் செய்ய முடியாது. பஜாஜ் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பத்து வருஷம் வரைக்கும் காத்திருந்தவர்கள் உண்டு. அதனால் என்ன ஆயிற்று? முறை வந்து ஸ்கூட்டர் கைக்கு வந்தவர் அதை அப்படியே திருப்பி விற்றால் வாங்கின விலைக்கு மேலே கிடைத்தது. பழைய வண்டிக்குக்கூட நல்ல விலை. 'வண்டி ஒரு சொத்தய்யா, நகை மாதிரி, ஆத்திர அவசரத்துக்கு விற்றுக்கொள்ளலாம்' என்று பெரியவர்கள் சொன்னதில் அன்றைக்கு நியாயம் இருந்தது. தட்டுப்பாடு இருந்த வரைக்கும் அது உண்மை. இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இனி, எங்கள் வீட்டு வண்டிகளிலேயே நான் கையெடுத்துக் கும்பிடுகிற வண்டி. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. அதற்கு முன்னாலும் மொபெட் இருந்தது. திருப்பதியில் செய்த சுவேகா, புனேயிலிருந்து 1972-ல் வந்த லூனா. அவை எல்லாம் ஆபீசுக்குப் போகிற ஒற்றை ஆள் வண்டி. ஐம்பது சி.சி. வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம் என்று நம் நாட்டில் முதலில் செய்தது டி.வி.எஸ்.தான். கம்பெனிக்காரர் இரண்டு பேர் என்றார். நம்மவர்கள் மனைவி, பிள்ளைகள், மேலே ஒரு மூட்டை பிண்ணாக்கு என்று ஏற்றினார்கள். முன்னால் கால் வைக்கிற இடம் காலியாக இருக்கும் பாருங்கள், அதில் யூரியா மூட்டை, பால் கேன், ஆட்டுக்குட்டி, வாழைத்தார் எல்லாம் போயிற்று. மருந்து தெளிக்கிற ஸ்பிரேயரும் போயிற்று.

நான் 1983-ல் வாங்கினேன். அதுவரை காய்கறிக்காரன் வியாபாரியின் லாரிக்காகக் கிடக்க வேண்டும். அவன் சொன்னதுதான் விலை. டி.வி.எஸ். வந்த பிறகு, விடியற்காலம் பறித்த கத்தரிக்காயை ஆறரை மணிக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் என் கையால் நான் விற்றேன்.  விலை படியவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போகலாம். நாலு ஏக்கர்க்காரனுக்கு பேரம் பேசுகிற தெம்பு அப்படித்தான் வந்தது. பம்புசெட்டுக்கு மோட்டார் சுற்றிக் கொண்டுவர, வெட்டினரி டாக்டரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவர, எல்லாவற்றுக்கும் அதுதான். புல்லட் கம்பீரமான வண்டி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடியானவனை நிமிர்த்தி வைத்தது அந்தச் சின்ன வண்டிதான்.

1985-ல் ஹீரோ ஹோண்டா வந்தது. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம். ஆயில் கலக்க வேண்டாம், சைலன்சர் சுட வேண்டாம். இளவட்டங்கள் அந்தப் பக்கம் போனார்கள். டிராக்டர் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அது தனி நாளைக்கு ஆகும். சென்னை செம்பியத்தில் டாஃபே கம்பெனி 1960-களில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. எங்கள் பங்காளிகள் நிலவள வங்கிக் கடனில் ஒன்று எடுத்தார்கள். உழவுக்கும் அதுதான், டிரெய்லரில் ஜமக்காளம் விரித்தால் கல்யாணத்துக்கும் அதுதான்.

கார் எப்போது வந்தது என்று கேட்பீர்கள். பல பேருக்கு மறந்துபோன சமாசாரம் ஒன்று சொல்கிறேன். ஹூண்டாய் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் ரோட்டு முனையில் கார் செய்தார்கள். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. நாட்டிலேயே அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே கார் இருந்த காலம். 1961-ல் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தார்கள். முன்பக்க மூடி முழுவதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 1972-ல் கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றை விட்டார்கள். அதே வருஷம்தான் வண்டலூரில் மிருகக்காட்சி சாலையும் திறந்தார்கள். ஜனங்கள் புலியைப் பார்க்கத்தான் கூட்டமாக வந்தார்கள், காரை வாங்க வரவில்லை. 1983 டிசம்பரில் வடக்கே மாருதி வந்துவிட்டது. சின்னது, சிக்கனமானது. இவர்கள் 1988 வாக்கில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கம்பெனி மூடின பிறகு ஒரு பழைய ஹெரால்டு எங்களுக்கு வந்தது. மச்சானும் நானும் பாதிப் பாதி. ஸ்பேர் பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஊரில் யார் போவதானாலும் அந்தக் கார்தான் போயிற்று. ராத்திரி கதவைத் தட்டினால் சாவியைக் கொடுத்துவிடுவோம்.

இதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். 1993-ல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் முறையை எடுத்தார்கள். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். 2012-ல் டெய்ம்லரின் பாரத் பென்ஸ் லாரி. திருவொற்றியூர் புல்லட்டும் 2013-ல் ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தது. 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா. கார்களை ஓட்டிச் சோதிக்கிறதற்கென்றே மத்திய சர்க்கார் ஒரு பெரிய மையத்தையும் அங்கே அமைத்தது. கார் முதல் புல்லட் வரை, எந்த வண்டிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தோமோ அது நம் ஏரிக்கரையிலேயே தயாராகிறது. அண்ணன் மகன் ஐ.டி.ஐ. படித்தவன். அவன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய் மோட்டார் சைக்கிள் பூட்டுகிறான். ஒப்பந்தத்தில்தான் வேலை, ஆனாலும் மாதாமாதம் சம்பளம் வருகிறது. மழையை நம்பி இருக்கிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் தொழிற்சாலை ஆகாயத்தில் கட்டப்படவில்லை. 1894-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டம், அப்புறம் தமிழ்நாட்டின் 1997-ம் வருஷத்துச் சட்டம், இவற்றின்படி சிப்காட்டுக்கு நிலம் எடுத்தார்கள். பட்டா இருந்தவருக்குப் பணம் வந்தது. வாரத்துக்கு உழுதவர், களை பறித்த பெண்கள், புறம்போக்கில் ஆடு மேய்த்தவர் இவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. எங்கள் நாலு ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் போயிற்று.

இங்கேதான் அந்தப் பழைய பேச்சு வருகிறது. பணம் கைக்கு வந்ததும் ஊருக்குள் வரிசையாகக் கார் வந்து நின்றது. வீட்டுக்கு இரண்டு பைக். 'வண்டி ஒரு சொத்து' என்று பாட்டன் சொன்னதை நம்பித்தான் வாங்கினார்கள், ஆடம்பரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் பாட்டன் காலத்தில் வண்டிக்குத் தட்டுப்பாடு, நிலத்துக்கு இல்லை. இன்றைக்கு நிலம்தான் கிடைக்காத பொருள். வண்டி பக்கத்துத் தொழிற்சாலையில் நிமிஷத்துக்கு நிமிஷம் வந்து விழுகிறது. ஐந்து லட்சத்துக்கு வாங்கின காரைப் பத்து வருஷம் கழித்து விற்றால் ஒன்று ஒன்றரை லட்சம் வந்தால் அதிகம். அந்த ஐந்து லட்சத்துக்குக் கொடுத்த நிலத்தை இன்றைக்குப் பத்து மடங்கு கொடுத்தாலும் திருப்பி வாங்க முடியாது. சில வீட்டில் காரையும் விற்றுவிட்டு, தங்கள் நிலத்திலே கட்டின தொழிற்சாலைக்குள் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்கள். என் வயசுக்காரர்களே இருக்கிறார்கள்.

நாங்கள் பணத்தில் பெரும்பகுதியை உத்திரமேரூர் பக்கம் நிலமாக மாற்றினோம். என் வீட்டுக்காரி பிடித்த பிடி அது. மிச்சத்தில் மகன் ஒரு பழைய சான்ட்ரோ வாங்கினான். எனக்கு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. 2015-ல் வந்த மாதிரி, நாலு ஸ்டிரோக் இஞ்சின், ஆயில் கலக்க வேண்டாம். பழைய ஐம்பதின் அதே உருவம்தான், முன்னால் மூட்டை வைக்க அதே இடம். அந்த வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் பெரிய பெரிய தொழிற்சாலைகளே வேலையை நிறுத்தின. ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயில் ரோடும் கட்டிடமும் நின்றால் தண்ணீர் வேறு எங்கே போகும்? விதை நெல்லை முன்னால் வைத்துக்கொண்டு, தண்ணீரில் எக்ஸ்.எல்.லைத் தள்ளிக்கொண்டு கரையேறினோம்.

இப்போது மின்சார வண்டி வாங்கலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். தினம் எத்தனை கிலோமீட்டர் போகிறாய், எத்தனை கிலோ ஏற்றுகிறாய், வீட்டில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கிறது, பேட்டரி போனால் மாற்ற என்ன விலை என்று நாலையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்று சொல்கிறேன். ராஜ்தூத் வாங்கும்போது என் அப்பா மாட்டு வைக்கோலுக்குப் போட்ட கணக்குதான் அது.

எங்கள் ஊரில் இப்போது ஒரு ஜோடி உழவு மாடுகூடக் கிடையாது. மாட்டுப் பொங்கலன்று டிராக்டரைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து, பக்கத்தில் எக்ஸ்.எல்.லுக்கும் ஒரு முழம் பூச்சுற்றிப் படையல் போடுகிறோம். படைத்த பொங்கலை எதற்கு ஊட்டுவது என்று பேரன் கேட்டான். எதிர்வீட்டுக் கறவைப் பசுவைக் காட்டி, அதற்குக் கொண்டுபோய்க் கொடுடா என்றேன்.