ஒற்றைப் பாய்

தமிழில் தரையில் விரிப்பதும் பாய், படகில் ஏற்றுவதும் பாய். இரண்டு அர்த்தமும் ஒரே பொருளில் கூடி வந்த இடங்களில் ஒன்று பசிஃபிக் சமுத்திரத்தின் மேற்கிலுள்ள மரியானாத் தீவுகள். அங்கே சமோரோ மக்கள் தாழை ஓலையைக் கீறி முடைந்த பாயையே படகில் ஏற்றினார்கள். ஒரு மரம், ஒரு பாய். இரண்டு கழிகளுக்கிடையே முக்கோணமாக அது விரியும். அவ்வளவுதான்.

இந்த ‘அவ்வளவுதான்’ பற்றியே எழுத நினைக்கிறேன். கப்பலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் படிக்கட்டாக அமைத்துவிடுகிறார்கள். முதலில் ஒரு பாய், பிறகு பல மரங்கள், பல பாய்கள், கடைசியில் நீராவி. இந்த வரிசையில் ஒற்றைப் பாய் குழந்தைப் பருவம். எளிமையை ஆரம்பநிலை என்று வாசிக்கும் பழக்கம் நம் விமர்சனத்திலும் உண்டு. ஆகவே இது மாலுமிகளின் கவலை மட்டும் அல்ல.

சமோரோ படகின் பாய் எளிமையாக இருக்கிறதென்றால், சிக்கல் முழுவதையும் படகின் உடலும் மனிதன் கையும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. படகின் ஒரு பக்கத்தில் மட்டும், நீட்டிய கழிகளின் நுனியில், ஒரு மிதவைக் கட்டை. அது எப்போதும் காற்று வருகிற பக்கமே இருக்க வேண்டும். காற்று படகைச் சாய்க்கும்போது கட்டையின் எடை இழுத்துப் பிடிக்கிறது. உடலின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை. காற்றுப் பக்கம் வளைவு, மறுபக்கம் கிட்டத்தட்டச் சப்பட்டை. ஆனால் முன்னும் பின்னும் அச்சாக ஒன்றே. காற்றை எதிர்த்து வலமும் இடமுமாக ஏறும்போது மற்றப் படகுகள் மூக்கைத் திருப்புகின்றன. இது திருப்புவதில்லை. பாயின் முன்மூலையைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் போகிறார்கள். திசைதிருப்பும் துடுப்பு இந்தக் கோடிக்கு வருகிறது. பின்புறம் முன்புறமாகிவிடுகிறது. கட்டை இருந்த பக்கத்திலேயே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டாவது பாயைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

1521 மார்ச் 6 அன்று மெகல்லனின் மூன்று கப்பல்கள் குவாம் தீவை அடைந்தன. உடன் வந்த இத்தாலியரான பிகஃபெட்டா இந்தப் படகுகளைப் பார்த்து வியந்திருக்கிறார். முன்பின் பேதமில்லை என்பதைக் கவனித்தார்; அலைக்கு அலை தாவும் டால்பின்களோடு ஒப்பிட்டார். அவருடைய குறிப்பில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. தீவுக்காரர்கள் தலைமைக் கப்பலின் பின்னால் கட்டியிருந்த சிறு படகை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மெகல்லன் 40 ஆயுதபாணிகளோடு கரையேறி, நாற்பது ஐம்பது வீடுகளையும் பல படகுகளையும் எரித்து, ஏழு பேரைக் கொன்றார். ‘லத்தீன் பாய்த் தீவுகள்’ என்றொரு பெயரும் அத்தீவுகளுக்கு வழங்கியது. நிலைத்தது ‘திருடர் தீவுகள்’.

இரண்டாவது பெயரின் அநியாயம் சொல்லாமலே தெரியும். முதல் பெயரும் சரியல்ல. லத்தீன் பாய் என்பது மத்தியதரைக் கடலின் முக்கோணப் பாய். அதற்குக் கீழ்க்கழி கிடையாது. அதை ஏற்றிய கப்பலின் முன்புறம் என்றும் முன்புறமே. பெயர் சூட்டியவர்கள் தங்களுக்குத் தெரிந்த முக்கோணத்தைப் பார்த்தார்கள். நம் கட்டுமரத்தின் பெயரும் ஆங்கிலத்துக்குப் போய், இரண்டு உடல்களைச் சேர்த்த உல்லாசப் படகின் பெயராகிவிட்டது. அதில் கட்டவும் இல்லை, மரமும் தேவையில்லை.

1668-இல் சேசு சபைப் பாதிரியார் சான் விட்டோரெஸ் வந்தார். ஸ்பெயின் அரசி மரியானாவின் பெயர் தீவுகளுக்கு வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் போரும் நோயும் மக்களைக் குறைத்தன. வடக்குத் தீவுகளில் எஞ்சியவர்களில் பெரும்பாலோரைக் குவாமுக்குக் குடிபெயர்த்தார்கள். தீவிலிருந்து தீவுக்குப் போகும் உரிமை போனபின் கடலோடும் படகுக்கு என்ன வேலை? 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய படகுகள் மறைந்துபோயின.

மறைவதற்குமுன் அவற்றைத் துல்லியமாக வரைந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1742-இல் தளபதி ஆன்சன் தம் ‘செஞ்சூரியன்’ கப்பலுடன், ஸ்கர்வி நோயில் விழுந்த மாலுமிகளைத் தேற்ற, டினியன் தீவில் தங்கினார். சமோரோ படகொன்று அவர்கள் கையில் சிக்கியது. பியர்சி பிரெட் என்ற அதிகாரி வரைந்த அதன் படம் 1748-இல் வெளியான பயண நூலில் இருக்கிறது. நல்ல காற்றில் மணிக்கு 20 மைல் அருகே ஓடும் என்று அந்நூல் மதிப்பிடுகிறது. அக்டோபரில் புறப்படும்போது அந்தப் படகைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். மெகல்லனிடம் இருந்த கோபம்கூட இதில் இல்லை. படம் கிடைத்துவிட்டது, இனி படகு எதற்கு?

தெற்கே கரோலின் தீவுகளில் இந்தப் படகின் உறவுக்காரப் படகு சாகவில்லை. 1788-இல் லாமோட்ரெக் தீவின் மாலுமி லுயிட்டோ குவாமுக்கு ஓட்டி வந்தார். அந்தப் போக்குவரத்து நின்றுபோய் வெகுகாலமாகியிருந்தது. வழி ஒரு பழைய பாட்டில் இருந்தது என்று பின்னால் வந்த ஐரோப்பியப் பயணிகள் பதிந்திருக்கிறார்கள். கவிதையால் என்ன பயன் என்ற நம் ஓயாத சர்ச்சையில் இதைச் சாட்சியாக நிறுத்த எனக்கு ஆசையில்லை. ஓட்டத் தெரிந்த கை இருந்ததால்தான் அந்தப் பாட்டு வழியாயிற்று. கை இல்லாதிருந்தால் அது வெறும் ஊர்ப்பெயர்களின் வரிசை.

ஆன்சன் நூலின் படத்தை வைத்து, கலிஃபோர்னியாவில் வாழும் சமோரோக்கள் 47 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார்கள். ‘சேலு’ என்று பெயர்; உடன்பிறப்பு என்று அர்த்தம். 2016-இல் குவாமில் நடந்த பசிஃபிக் கலை விழாவுக்கு அதைக் கொண்டுபோனார்கள். எரித்தவர்களின் ஏட்டிலிருந்து படகு திரும்பி வந்தது என்பது உண்மைதான். ஆனால் ஏடு கொடுத்தது நீளத்தையும் வளைவையும். பாயின் மூலையை எந்தக் கணத்தில் தூக்குவது என்பதை அது கொடுக்கவில்லை. குவாமில் பாயேற்றக் கற்றவர்கள் சிலர் அதைக் கரோலின் தீவு மாலுமிகளிடம் போய்க் கற்க வேண்டியிருந்தது.

மரபை மீட்பது பற்றிப் பேசும் நம் நண்பர்கள் பெரும்பாலும் ஏட்டை மீட்பதையே நினைக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். மற்றப் பாதி பக்கத்துத் தீவில், இன்னும் எழுதப்படாமல், யாரோ ஒருவர் கையில் இருக்கக்கூடும்.