‘மூர்’: ஒரு பெயரும் அதன் பின்னுள்ள பார்வையும்

எட்வர்ட் ஸெய்தின் ‘ஓரியன்டலிஸம்’ 1978இல் வெளிவந்தது. கீழைத்தேயத்தை மேற்கு எவ்வாறு பார்த்தது என்ற பேச்சு அன்று தொட்டு நமது இலக்கிய வட்டங்களிலும் ஓயவில்லை. ஆனால் பேச்சு எடுத்த எடுப்பிலேயே எகிப்துக்கும் பலஸ்தீனத்துக்கும் போய்விடுகிறது. ஸெய்த் பெரிதும் ஆராய்ந்தது பிரித்தானியரையும் பிரெஞ்சுக்காரரையும்தான். நமது கரைக்கு முதலில் வந்த போர்த்துக்கேயருக்கு அந்நூலில் அதிகம் இடமில்லை. அவர்களது பார்வையைத் தேடி நான் லிஸ்பனுக்குப் போக வேண்டியதில்லை. எனது பிறப்புச் சான்றிதழே போதும். இனம் என்ற கூட்டில் நாம் தமிழில் ‘சோனகர்’, ஆங்கிலத்தில் ‘மூர்’. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியன்று.

சோனகர் என்பது யவனர் என்ற சொல்லின் வழி வந்தது. மேற்கே கடலுக்கு அப்பாலிருந்து வந்த கிரேக்கரை முதலில் குறித்து, பின்பு அதே கடல்வழி வந்த அறபிகளையும் குறித்த சொல். சிங்களத்தில் ‘யோனக’ என்பதும் அதுவே. பேச்சுச் சிங்களத்தில் நம்மை ‘மரக்கல’ என்பார்கள். மரக்கலத்தில் வந்தவர்கள் என்று பொருள். இந்தப் பெயர்களை இட்டவர்கள் கரையில் நின்று, வந்தவனின் திசையையும் அவன் ஏறிவந்த கப்பலையும் கண்டிருக்கிறார்கள்.

‘மூர்’ வேறு கதை. வடமேற்கு ஆபிரிக்காவின் மௌரித்தானியா மாகாணத்து மக்களை உரோமர் ‘மௌரி’ என்றனர். 711இல் தாரிக் பின் ஸியாத் நீரிணையைக் கடந்து ஸ்பெயினில் இறங்கிய பின், ஐபீரியக் கிறிஸ்தவர்களுக்கு முஸ்லிம் எவனும் ‘மூரோ’ ஆனான். நூற்றாண்டுக் கணக்கான போரின் பகை அச்சொல்லில் ஊறிக் கிடந்தது. 1492இல் கிரனடா வீழ்ந்தது. ஆறே ஆண்டுகளில், 1498இல், வஸ்கொட காமா கள்ளிக்கோட்டையில் நங்கூரமிட்டார்.

அந்தப் பயணத்தின் குறிப்பேட்டில் எனக்குச் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே தருகின்ற ஓர் இடமுண்டு. கரையேறியவர்கள் ஓர் இந்துக் கோயிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். உள்ளே இருந்த சிலையை மரியாள் என்று கொண்டு அங்கேயே மண்டியிட்டுச் செபித்தார்கள். அவர்களது மனதில் உலகம் இரண்டே கூறு: மூர்கள், கிறிஸ்தவர்கள். இந்த மக்கள் மூர்களல்லர். ஆகவே கிறிஸ்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்! கண்ணெதிரே நிற்கும் கோயிலைக் கூடக் காணவிடாத பார்வை அது. அதே பார்வைதான் துறைமுகத்தில் மிளகு வியாபாரம் செய்துகொண்டிருந்த மாப்பிள்ளையையும் மரைக்காயரையும், தம் பாட்டனார் காலத்துப் போரின் எதிரியாகக் கண்டது. மிளகுக்கும் கறுவாவுக்குமான போட்டி இப்படி மார்க்கப் போராகியது. பின்னாளில் ஸ்பானியரும் இதையே செய்தனர்: பிலிப்பைன்ஸின் மின்டனாவோ முஸ்லிம்கள் அவர்களுக்கு ‘மோரோ’க்கள்.

1505இல் கொழும்புக்கு வந்தவர்கள் இங்கிருந்த முஸ்லிம் வியாபாரிகளுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். பெயரின் பின்னால் கட்டளையும் வந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்று, பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். ஏறத்தாழ 4,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் வழமையாகத் தரும் கணக்கு. ஒல்லாந்தர் அதே பெயரைத் தம் சட்ட ஏடுகளில் எழுதினர். ஆங்கிலேயர் 1806இல் முஹம்மதியர் சட்டக்கோவையைப் பிரகடனம் செய்தபோதும், பிறகு குடிசன மதிப்பெடுத்தபோதும், பெயர் பத்திரமாக இருந்தது.

இதுவரையுள்ளது பிறர் நமக்குச் செய்தது. நாமே அப்பெயருக்காக வழக்காடத் தொடங்கிய கட்டம் இதைவிடச் சிக்கலானது.

1885இல் சட்டசபையிலும், பின் 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலும் பொன். இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். மொழி, வழக்கங்கள், உடலமைப்பு என்று அடுக்கினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. பிரதிநிதித்துவம் இனத்தின்படி என்பது ஆங்கிலேயரின் ஏற்பாடு. தனி இனமில்லையேல் தனி ஆசனமுமில்லை. 1889இல் எம்.ஸீ. அப்துர் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார், வாதம் தீரவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூல் எழுதினார்: நம் மூதாதையர் அறபிகள், தமிழ் நாம் பின்னர் ஏற்றுக்கொண்ட மொழி. சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் லண்டனில் அச்சிட்ட குறிப்பு இந்தத் தரப்புக்குப் பெரும் பலம். ஹாஷிம் குடும்பத்தார் கலீபா அப்துல் மலிக்கின் காலக் கொடுமைக்குத் தப்பி வந்து கொழும்பு, பேருவளை, மன்னார் முதலிய இடங்களில் குடியேறினர் என்பது அதன் சாரம். உள்ளூர் முஸ்லிம் பெரியவர்கள் சொன்ன கதை, ஒரு வெள்ளைக்கார நீதியரசரின் கையால் அச்சேறிச் சான்றாக நமக்கே திரும்பி வந்தது.

அஸீஸை நான் குறைகூற வரவில்லை. அந்தச் சபையில் வேறு எந்த மொழியும் எடுபட்டிராது. ஆனால் இரு பெரியவர்களும் நின்றது ஒரே தளத்தில் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இரத்தம், மூக்கு, மண்டையோடு என்று மனிதரைப் பிரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இனவியல் இருவருக்கும் நீதிபதி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டும் தம்மைத் தமிழரென்று கருதாத ஒரு சமூகத்துக்கு அந்த இனவியலில் கூடே இல்லை. அப்படியொரு சமூகம் இருந்ததற்குச் சான்று வேண்டுமாயின், சித்தி லெப்பை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைப் பார்க்கலாம். முஸ்லிம்களின் தனித்துவத்துக்காக அது வாதாடியது நல்ல தமிழில்!

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இராமநாதனின் வாதம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மறுபக்கத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அறபு வம்சத்தை வலியுறுத்தியபோது, காயல்பட்டினமும் கீழக்கரையும் நமக்குத் தூரமாயின. 1911 குடிசன மதிப்பு ‘இலங்கை மூர்’, ‘இந்திய மூர்’ என்று இரு நிரல் போட்டது. ஒரே மௌலிதை ஓதி, ஒரே அறபுத்தமிழ்க் கிதாபைப் படித்து, பெண் கொடுத்து எடுத்தவர்கள் அச்சில் இரு இனமானார்கள். 1915 கலவரத்தில் முதலில் குறிவைக்கப்பட்டவர்கள் சம்மான்காரர் எனப்பட்ட இந்திய முஸ்லிம் வியாபாரிகள். உள்ளூர்ச் சோனகரின் கடைகளும் அதில் தப்பவில்லை. கல்லெறிந்தவர்கள் நிரல் பார்த்து எறியவில்லை.

நிரல் பார்த்தது அரசுதான். 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்கள் வந்தபின், பல்லாண்டுகள் இங்கு கடை வைத்திருந்த சம்மான்காரர் பலர் அந்நியராகி, கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.