மத்ரிகுலா கொன்சுலார்

மெக்சிகோவின் துணைத் தூதரகங்கள் வெளிநாட்டில் வாழும் தம் குடிமக்களுக்கு வழங்கும் அடையாள அட்டைக்கு ஸ்பானிய மொழியில் இதுதான் பெயர். 'மத்ரிகுலா' என்றால் பதிவேடு. பெயர்ப் பட்டியலைக் குறித்த லத்தீன் சொல் அதன் வேர். நம்மூர் 'மெட்ரிகுலேஷன்' பள்ளிகளின் பெயரும் அங்கிருந்து வந்ததே. 'கொன்சுலார்' என்பது துணைத் தூதரகம் சார்ந்தது. ஆக, ஏட்டில் பெயர் ஏறியதற்கான சான்று இது. 1871 முதல் மெக்சிகோ வழங்கி வருகிறது.

படம், பெயர், பிறந்த இடம், அமெரிக்காவில் வாழ்பவர் எனில் அங்குள்ள முகவரி எல்லாம் அட்டையில் இருக்கும். விசா உண்டா இல்லையா என்று மட்டும் அது சொல்லாது. சிக்கலே அங்குதான்: விசா இல்லாதவரும் இதைக் காட்டலாம். இப்படி ஓர் அட்டையை வழங்க மெக்சிகோவுக்கு உரிமை உண்டா? 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, துணைத் தூதரகப் பணிகளில் பாஸ்போர்ட்டைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அடையாள அட்டையைக் குறிக்கவில்லை. ஆனால் குடிமக்களின் நலன் காப்பதும், தூதரகம் இயங்கும் நாட்டின் சட்டம் தடுக்காத பிற பணிகளும் அதில் அடக்கம். எனவே அட்டை கொடுப்பது மெக்சிகோவின் உரிமை. ஏற்பதும் மறுப்பதும் அமெரிக்காவின் விருப்பம்.

2003இல் எஃப்.பி.ஐ. இதை நம்பத்தக்கதல்ல என்றது. அதே ஆண்டு வந்த கருவூலத் துறை விதிகளோ, வங்கிகள் இதை ஏற்க இடம் விட்டன. அதுவே நியாயம் என்பேன்: கூலியை ரொக்கமாகச் சட்டைப்பையில் சுமந்து வழிப்பறிக்கு அஞ்சிய தொழிலாளி, இந்த அட்டையைக் காட்டிக் கணக்குத் தொடங்க முடிந்தது.