இணையதள ஊடுருவல்

உரிமையாளரின் அனுமதியின்றி ஓர் இணையதளத்துக்குள் நுழைந்து அதைக் கைப்பற்றும் குற்றம். பெரும்பாலான ஊடுருவிகள் தளத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கப்படாத மென்பொருளையும் எளிய கடவுச்சொல்லையும் தானியங்கி நிரல்களே தேடிப் பிடிக்கின்றன. எனவே பள்ளி, கோயில், சிறுகடைத் தளங்களும் தப்புவதில்லை.

நோக்கங்கள்: முதன்மையானது பணம். கைப்பற்றிய பக்கங்களில் சூதாட்ட, மருந்து விற்பனை இணைப்புகளை ஒளித்துவைத்துத் தேடுபொறியை ஏமாற்றுவர்; குப்பை மின்னஞ்சல் அனுப்புவர்; வாடிக்கையாளர் விவரங்களைத் திருடி விற்பர். புகழாசையும் அரசியல் எதிர்ப்பும் உண்டு. 2021 பிப்ரவரி 6 அன்று இலங்கையின் டாட் எல்கே முகவரிகள் சில திசைதிருப்பப்பட்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊதியம் உள்ளிட்ட சிக்கல்களைப் பேசும் பக்கம் தோன்றியது.

சட்டம்: இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.